புனித பியர் ஜார்ஜியோ பிரசாத்தி: வசதியான வீட்டுப் பிள்ளையை நம் இளையோருக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பங்கின் இளையோர் குழுவில், ஜூலை 4-ஆம் நாள் வரும் புனித பியர் ஜார்ஜியோ பிரசாத்தியின் நினைவு நாளையொட்டி ஒரு மாலை அமர்வை நடத்தும் பொறுப்பைப் பங்குத்தந்தை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பதினான்காம் லியோ இருவரைப் புனிதர்களாக அறிவித்தார் அல்லவா? அவர்களில் கார்லோ அக்குத்திஸைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு நிறையவே தெரியும். கணினியோடு வளர்ந்த பதினைந்து வயதுச் சிறுவன் என்பதால் அவரோடு எளிதில் ஒட்டிக்கொண்டார்கள். அதே திருப்பலியில் புனிதராக உயர்த்தப்பட்ட மற்றவரான, இத்தாலியின் பிரசாத்தியைப் பற்றிக் கேட்டால், மலை உச்சியில் நிற்கும் ஓர் இளைஞரின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அப்பால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அமர்வுக்கான ஆயத்தக் கூட்டத்தில் கல்லூரியில் படிக்கும் ஒரு மாணவர் எழுந்து நேரடியாகவே கேட்டார்: "அவருடைய அப்பா பத்திரிகை முதலாளி, நாட்டின் தூதர். வீட்டில் பணம் இருந்தது, எடுத்துக் கொடுத்தார். சபை எதையும் நிறுவவில்லை, நூல் எதையும் எழுதவில்லை, பட்டப் படிப்பைக்கூட முடிக்கவில்லை, 24 வயதில் இறந்துவிட்டார். இவரிடம் நாங்கள் எதைக் கற்றுக்கொள்வது?" அந்தக் கேள்வியில் குதர்க்கம் எதுவும் இல்லை. எங்கள் குழுவில் பாதிப் பேர் படித்துக்கொண்டே பகுதி நேர வேலைக்குப் போகிறவர்கள். செல்வந்தர் வீட்டுப் பிள்ளையின் ஈகையைப் பற்றிக் கேட்கும்போது அவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே.

பக்தி நூல்களில் காணப்படும் வழக்கமான புகழ்ச்சியை வாசித்துக் காட்டிவிட்டு அமர்வை முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அவருடைய வாழ்வை நன்கு அறிந்தவர்கள், அந்த மாணவருக்கு மெய்யாகவே பதிலாக அமையக்கூடிய செய்திகளைத் தந்து உதவ வேண்டும்.

பொதுநிலையினன் எழுதியது:

அன்புத் தம்பிக்கு வணக்கம். ஏழைகளுக்கு உதவும் புனித வின்சென்ட் தே பவுல் சபையில், எங்கள் பங்கில் நெடுங்காலமாக உறுப்பினராக இருப்பவன் என்ற முறையில், அந்த மாணவரின் கேள்வியில் பணத்தைப் பற்றிய பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் சொன்னதில் ஒன்று உண்மை: வீட்டில் பணம் இருந்தது. தந்தை ஆல்பிரேதோ பிரசாத்தி, துரின் நகரிலிருந்து வெளிவந்த 'லா ஸ்தாம்பா' நாளிதழின் உரிமையாளர். 1913-இல் இத்தாலியின் செனட் உறுப்பினரானவர். 1920 முதல் 1922 வரை பெர்லினில் இத்தாலியின் தூதராக இருந்தவர். தாய் அதெலாயிதே அமேத்திஸ் ஓவியர். ஆனால் அந்தப் பணம் பியர் ஜார்ஜியோவின் கையில் இருக்கவில்லை. பிள்ளைகள் செல்வத்தில் புரண்டு கெட்டுவிடக் கூடாது என்ற எண்ணத்தில் அந்த வீட்டில் கைச்செலவுக்கு மிகவும் கணக்குப் பார்த்தே கொடுத்தார்கள். அவர் ஏழைகளுக்குக் கொடுத்ததெல்லாம் அந்தச் சிறு தொகையிலிருந்து, தமக்கு வேண்டியதைக் குறைத்துக்கொண்டு கொடுத்ததுதான். டிராம் கட்டணத்துக்கு வைத்திருந்த காசை யாருக்காவது கொடுத்துவிட்டு, மதிய உணவு நேரம் தவறினால் கண்டிப்பு விழும் வீட்டுக்கு அவர் நடந்தும் ஓடியும் வந்து சேர்ந்த நாட்கள் பல. ரயிலில் மூன்றாம் வகுப்பில்தான் செல்வார். ஏன் என்று கேட்டவர்களிடம், நான்காம் வகுப்பு என்று ஒன்று இல்லையே, அதனால்தான் என்பாராம். பட்டம் பெறும்போது பரிசாகக் கார் வேண்டுமா, பணம் வேண்டுமா என்று தந்தை கேட்டபோது அவர் பணத்தைக் கேட்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

பெர்லினில் தந்தையோடு தங்கியிருந்த நாட்களில், உறைபனிக் குளிரில் தம் மேலங்கியைக் கழற்றி ஒரு முதியவருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். தந்தை கடிந்துகொண்டபோது, "குளிராக இருந்தது, அப்பா" என்று மட்டும் சொன்னார். இந்த நிகழ்ச்சியை நான் எத்தனையோ முறை பிறருக்குச் சொல்லியிருக்கிறேன். தாம் செய்ததற்கு விளக்கம் தேவை என்றே அவருக்குத் தோன்றவில்லை என்பதுதான் ஒவ்வொரு முறையும் என் மனத்தில் நிற்கிறது.

அவர் வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தது 1918-இல், பதினேழு வயதில். அந்தச் சபையே 1833-இல் பாரிஸில் பிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய தோழர்களும் தொடங்கியது என்பதையும் உங்கள் இளையோருக்குச் சொல்லுங்கள். ஏனெனில் நம் பங்குகளில் அது வயதானவர்களின் சபை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அங்கே முதன்மையான பணி பணம் கொடுப்பதன்று, வீடு தேடிப் போவது. அவர் துரினின் ஏழைக் குடியிருப்புகளுக்கு மருந்தையும் மளிகைப் பொருள்களையும் தாமே சுமந்துகொண்டு மாடிப்படி ஏறிப் போனார். நோயாளிகளின் கட்டிலருகே உட்கார்ந்து பேசினார். வேலை இழந்தவருக்கு வேலை தேடிக் கொடுத்தார். அந்த வீடுகளின் நாற்றத்தை எப்படித் தாங்கிக்கொள்கிறீர்கள் என்று கேட்ட நண்பரிடம், ஏழைகளையும் நோயாளிகளையும் சுற்றி நமக்கு இல்லாத ஓர் ஒளி இருப்பதைத் தாம் காண்பதாகச் சொன்னார் என்று அவருடைய தோழர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாள்தோறும் காலையில் நற்கருணை உட்கொள்வதற்கும் மாலையில் அந்தப் படிக்கட்டுகளில் ஏறுவதற்கும் இடையே அவர் வேறுபாடு காணவில்லை: காலையில் இயேசு தம்மைத் தேடி வருகிறார், பின்னர் தாம் அவரை ஏழைகளிடம் போய்ப் பார்த்து வருகிறார் என்பதே அவர் தந்த விளக்கம்.

இவை எதுவும் அவருடைய வீட்டாருக்குத் தெரியாது. பிள்ளை படிப்பில் மந்தம், இலத்தீன் தேர்வில் தோற்றவன், எந்நேரமும் கோவிலுக்கு ஓடுகிறவன் என்பதே பெற்றோர் அவரைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம். 1925 ஜூலை 6-ஆம் நாள் குரோசெத்தா ஆலயத்தில் நடந்த அடக்கச் சடங்கின்போதுதான் உண்மை வெளிப்பட்டது. செனட்டரின் மகன் என்பதால் நகரத்துப் பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று குடும்பத்தார் எதிர்பார்த்திருந்தார்கள். தெருவை நிறைத்து நின்றவர்களோ அவர்கள் ஒருபோதும் கண்டிராத ஏழை மக்கள். அந்த மக்களுக்கும் தங்களைத் தேடி வந்த இளைஞர் பிரசாத்தி வீட்டுப் பிள்ளை என்பது தெரியாது; பலர் அன்றுதான் அறிந்துகொண்டார்கள். பணம் இருந்ததால் கொடுத்தார் என்று சொல்லும் மாணவரிடம் இந்த அடக்கச் சடங்கைப் பற்றி விரிவாகப் பேசுங்கள், தம்பி.

மேட்டுத்தெரு வாசகன் எழுதியது:

ஐயா அவர்கள் எழுதியதை முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆயினும் ஈகையோடு நிறுத்திக்கொண்டால் அந்த மனிதரில் பாதியைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டியவர்கள் ஆவோம். அவர் வாழ்ந்த துரின், பியட் கார் ஆலைகளின் நகரம். முதல் உலகப் போர் முடிந்த கையோடு விலைவாசி ஏறி, வேலைநிறுத்தங்கள் தொடர்ந்து, 1920 செப்டம்பரில் தொழிலாளர்கள் ஆலைகளையே கைப்பற்றிக்கொண்ட நகரம். ஒரு பக்கம் பொதுவுடைமை இயக்கமும் மறு பக்கம் பாசிசக் குண்டர் படைகளும் தெருவில் மோதிக்கொண்ட அந்த ஆண்டுகளில், கத்தோலிக்க இளைஞர் ஒருவர் எங்கே நிற்பது என்ற கேள்விக்கு அவர் தம் உடலாலேயே பதில் சொன்னார்.

அவர் சேர்ந்த படிப்பைப் பாருங்கள். துரின் பல்தொழில் பயிலகத்தில் இயந்திரப் பொறியியலை எடுத்து, அதில் சுரங்கத் துறையைத் தேர்ந்தெடுத்தார். அன்றைய தொழிலாளர்களில் சுரங்கத்தில் உழைத்தவர்களே மிகவும் கைவிடப்பட்டவர்கள், அவர்களோடு இருந்து கிறிஸ்துவுக்குப் பணி செய்ய வேண்டும் என்பதே காரணம். குருவாகலாமே என்று கேட்டவர்களும் உண்டு. பொதுநிலையினராக இருந்தால்தான் மக்களோடு இன்னும் நெருங்கி இருக்க முடியும் என்று அவர் எண்ணினார். 1919-இல் கத்தோலிக்க மாணவர் கூட்டமைப்பிலும், 1920-இல் அருள்பணியாளர் லூயிஜி ஸ்துர்சோ நிறுவிய இத்தாலிய மக்கள் கட்சியிலும் சேர்ந்தார். ஈகை மட்டும் போதாது, சமூகச் சீர்திருத்தமும் வேண்டும் என்பது அவர் உறுதியாகப் பற்றியிருந்த கருத்து. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் தொழிலாளர் நிலை குறித்து வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை வழிகாட்டியாகக் கொண்ட தலைமுறை அது. அந்தத் திருத்தந்தையின் பெயரையே ஏற்றுக்கொண்ட இன்னொருவர் கையால் இவர் புனிதராக அறிவிக்கப்பட்டது எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகுந்த நிறைவைத் தந்தது.

1921 செப்டம்பரில் ரோமில் கத்தோலிக்க இளைஞர் மாநாடு நடந்தபோது, ஊர்வலத்தைக் கலைக்க வந்த அரசக் காவல் படையினர் கொடிகளைப் பறிக்க முற்பட்டார்கள். தம் கழகத்தின் கொடியை விடாமல் பற்றிக்கொண்ட பியர் ஜார்ஜியோவும் பிடிபட்டவர்களில் ஒருவர். விசாரித்த அதிகாரி, தந்தை யார் என்று கேட்டு, பெர்லினில் இருக்கும் தூதர் என்று அறிந்ததும் குரலை மாற்றிக்கொண்டு அவரை உடனே விடுவிக்க முன்வந்தார். மற்றவர்களை விடும்போதுதான் தாமும் போவதாகச் சொல்லி அவர் அங்கேயே இருந்துவிட்டார். செல்வாக்குள்ள வீட்டில் பிறந்ததைப் பற்றிய உங்கள் மாணவரின் கேள்விக்கு இந்த ஒரு நிகழ்ச்சியே போதுமானது என்று நினைக்கிறேன், ஏனெனில் பணத்தை விட்டுக்கொடுப்பதைக் காட்டிலும் அப்பாவின் பெயர் தரும் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது கடினம்.

முசோலினி ஆட்சிக்கு வந்த அடுத்த மாதமே, அவருடைய உரையைப் படித்ததும் தம் இரத்தம் கொதித்ததாக நண்பர் ஒருவருக்கு எழுதினார். மக்கள் கட்சியைச் சேர்ந்தவர்கள் அந்த அமைச்சரவையில் இடம்பெற்றது அவரை வெகுவாக வருத்தியது. 1923 அக்டோபரில் முசோலினி துரினுக்கு வந்தபோது, தாம் உறுப்பினராக இருந்த மாணவர் கழகம் மாடத்தில் கொடியைத் தொங்கவிட்டு அவருக்கு மரியாதை செய்ததை அறிந்து விலகல் கடிதமே கொடுத்தார். 1924 ஜூன் மாதம், சோசலிச நாடாளுமன்ற உறுப்பினர் மத்தேயோத்தி கடத்திக் கொல்லப்பட்ட அதே நாட்களில், பாசிசக் குண்டர்கள் பிரசாத்தி வீட்டுக்குள் புகுந்து பொருள்களை உடைக்கத் தொடங்கினார்கள். தாயோடு உணவருந்திக்கொண்டிருந்த மகன் எழுந்து வந்து அவர்களோடு கைகலந்து, ஒருவன் கையிலிருந்த தடியைப் பறித்து விரட்டியடித்தார். அவர் இறந்தபோது சோசலிசத் தலைவர் பிலிப்போ துராத்தி, கொள்கையில் எதிரணியில் இருந்தும், அந்த இளைஞரின் மனிதத்தன்மையைப் போற்றி எழுதியது தற்செயலானதன்று.

நம் ஊர்களில் புனிதர்களைப் பற்றிய மறையுரைகளில் இத்தகைய செய்திகள் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. செபமாலையைச் சொல்லிவிட்டு அரசியலைச் சொல்லாமல் விடுவது, அல்லது அரசியலைச் சொல்லிவிட்டு அவர் இரவு முழுவதும் நற்கருணை ஆராதனையில் முழந்தாளிட்டிருந்ததைச் சொல்லாமல் விடுவது, இரண்டுமே அவருக்குச் செய்யும் அநீதி. 1922-இல், தொமினிக்கன் துறவு சபையின் பொதுநிலையினர் பிரிவான மூன்றாம் சபையில் சேர்ந்தபோது அவர் தேர்ந்தெடுத்த பெயர் ஜிரோலாமோ. பிளாரன்ஸ் நகரின் ஊழலைக் கண்டித்துப் பேசி 1498-இல் கொல்லப்பட்ட தொமினிக்கன் துறவி சவோனரோலாவின் பெயர் அது.

வைகைக்கரை எழுதியது:

ஐயாவுக்கும் வாசகன் அவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. அடக்கச் சடங்கு, ரோமில் நடந்த கைது ஆகிய இரண்டையும் அமர்வின் மையமாக வைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. எங்கள் குழுவின் பெண் பிள்ளைகள் சிலர், அவர் காதலித்த ஒரு பெண்ணைப் பெற்றோருக்காக விட்டுவிட்டார் என்று எங்கோ படித்துவிட்டு, அப்படியானால் பெற்றோர் சொல்லுக்கு அடங்கிக் காதலைக் கைவிட வேண்டும் என்பதுதான் இவர் தரும் பாடமா என்று கேட்கிறார்கள். நம் சமூகத்தில் இந்தக் கேள்வியின் கனம் உங்களுக்குத் தெரியும். அடுத்து, 1925-இல் இறந்தவருக்குப் புனிதர் பட்டம் கிடைக்க ஏன் நூறு ஆண்டுகள் ஆயின என்றும் கேட்டார்கள்.

நெய்தல் ஆசிரியை எழுதியது:

பள்ளியில் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள் என்பதால் முதல் கேள்வியை நானும் எதிர்கொண்டிருக்கிறேன். அதை மழுப்பாமல் பேசுவதே நல்லது என்பது என் கருத்து.

அந்தப் பெண்ணின் பெயர் லாரா ஹிதால்கோ. கத்தோலிக்க மாணவர் வட்டத்தில் அறிமுகமானவர், பெற்றோரை இழந்தவர், பிரசாத்தி குடும்பத்தின் செல்வாக்குக்கு ஈடான பின்னணி இல்லாதவர். பியர் ஜார்ஜியோ தம் அன்பை அவரிடம் வெளிப்படுத்தவே இல்லை. தங்கை லூசியானாவிடமும் மிக நெருங்கிய நண்பர்களிடமும் மட்டும் சொன்னார். தாய் அந்தத் திருமணத்துக்கு ஒருபோதும் உடன்படமாட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் காரணம் அதோடு முடியவில்லை. அப்போது பெற்றோரின் மண வாழ்வே முறியும் நிலையில் இருந்தது. இந்தத் திருமணப் பேச்சு எழுந்தால் அதுவே அவர்கள் பிரிவதற்குக் காரணமாகிவிடும் என்று அஞ்சினார். ஒரு புதிய குடும்பத்தை உருவாக்குவதற்காக இருக்கும் குடும்பத்தை அழிப்பது பொருளற்றது என்ற கருத்தில் தங்கையிடம் பேசி, அந்த எண்ணத்தைத் தமக்குள்ளேயே புதைத்துக்கொண்டார். அந்த நாட்களில் அவர் எழுதிய கடிதங்களில் அந்த வலி தெரிகிறது. வலியைக் கடந்துவிட்டதாக அவர் நடிக்கவில்லை.

ஆகவே உங்கள் பெண் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: அவர் செய்தது ஒரு குறிப்பிட்ட வீட்டின் குறிப்பிட்ட நெருக்கடியில், வயது வந்த ஒருவர் யாருடைய கட்டாயமும் இல்லாமல் தாமே எடுத்த முடிவு. பெற்றோர் அவரை மிரட்டவில்லை. அப்படி ஓர் அன்பு இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. சாதியையும் வசதியையும் காட்டிப் பிள்ளைகளின் திருமணத்தைத் தடுப்பவர்கள் இந்தப் புனிதரைத் தங்கள் பக்கத்துச் சான்றாக எடுத்துக்கொள்ள இதில் எந்த இடமும் இல்லை, அதை அமர்விலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பாசிசத்தை எதிர்த்துக் கொடி பிடித்தவர் அடிமை மனம் படைத்தவராக இருந்திருக்க முடியாது. அதே நேரத்தில், தம் விருப்பத்தை விட்டுக்கொடுக்கும் வலிமையும் அவரிடம் இருந்தது. 1925 ஜூனில், சுரங்கப் பணிக் கனவை விட்டுவிட்டுத் தம் நாளிதழின் நிர்வாகத்தில் சேர வேண்டும் என்ற விருப்பத்தைத் தந்தை வேறொருவர் வழியாகச் சொல்லி அனுப்பியபோது, அப்பாவுக்கு அது மகிழ்ச்சி தருமானால் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். அப்போது பட்டம் பெற அவருக்கு இரண்டே தேர்வுகள் எஞ்சியிருந்தன. இந்த இரண்டாவது விட்டுக்கொடுப்பு எனக்கு இன்றும் எளிதில் ஒப்புக்கொள்ள முடியாத ஒன்றாகவே இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு நல்ல பொறியாளரை இழந்திருப்பார்களே என்று தோன்றும். ஆனால் தந்தையின் தனிமையை அவர் அறிந்த அளவுக்கு நாம் அறிய முடியாது.

அவருடைய நட்பு வட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இளையோர் மனத்தில் ஒட்டிக்கொள்வது அதுதான். 1924 மே மாதம் 'தீப்பி லோஸ்கி' என்ற பெயரில் நண்பர்கள் சேர்ந்து ஒரு மலையேறும் குழுவைத் தொடங்கினார்கள். போக்கிரிகள் கழகம் என்று தங்களையே கேலியாக அழைத்துக்கொண்ட பிள்ளைகள் அவர்கள். பியர் ஜார்ஜியோவின் பட்டப்பெயர் ரொபெஸ்பியர், பிரெஞ்சுப் புரட்சித் தலைவரின் பெயர். ஆண்களும் பெண்களும் சேர்ந்தே போனார்கள், வேடிக்கையான அறிக்கைகளை ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள், உரக்கப் பாடினார்கள். அவர் பாட்டு சுருதி சேராது என்பதை நண்பர்கள் எல்லோரும் அன்போடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள். மலைக்குப் புறப்படும் முன் திருப்பலியில் பங்கேற்பது அவருக்கு விலக்கில்லாத வழக்கம். ஆல்ப்ஸ் மலைத்தொடரில் கிரிவோலா போன்ற கடினமான சிகரங்களையும் ஏறியவர் அவர். இத்தாலிய மலையேறுவோர் சங்கம் இன்று அந்நாட்டின் மாநிலங்களில் அவர் பெயரில் நடைபாதைகளை அமைத்திருக்கிறது. 1925 ஜூன் 7-ஆம் நாள் லான்சோ பள்ளத்தாக்கில் பாறை ஏறிய படத்தின் மீது 'உயரத்தை நோக்கி' என்று அவர் தம் கையால் எழுதிய குறிப்பு, இன்று அவர் பெயரைத் தாங்கிய இளையோர் குழுக்கள் எல்லாவற்றுக்கும் முழக்கமாகிவிட்டது. புகை பிடிப்பவராகவும் இருந்தார். பழைய படங்களில் கையில் பைப்பைக் காணலாம். பிள்ளைகள் கேட்டால் மறைக்க வேண்டாம்.

பொதுநிலையினன் எழுதியது:

ஆசிரியை அவர்கள் காதலைப் பற்றி எழுதியது மிகவும் தேவையான விளக்கம். நூறு ஆண்டுகள் ஆனதற்கும் அவர்கள் குறிப்பிட்ட அந்த நட்பு வட்டத்துக்கும் தொடர்பு உண்டு. புனிதர் பட்டத்துக்கான பணிகள் துரின் மறைமாவட்டத்தில் 1932-இலேயே தொடங்கிவிட்டன. ஆனால் ஆண்களும் பெண்களும் சேர்ந்து மலைக்குப் போனதைப் பற்றிச் சிலர் கிளப்பிவிட்ட பழிச்சொற்கள் ரோமை எட்டியதால், பன்னிரண்டாம் பயஸ் காலத்தில், 1941-இல், அந்தப் பணி நிறுத்திவைக்கப்பட்டது. தங்கை லூசியானா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அண்ணனோடு பழகியவர்களின் சாட்சியங்களையும் அவருடைய கடிதங்களையும் பல பத்தாண்டுகள் ஓயாமல் தொகுத்து வெளியிட்டு, அந்தப் பழி பொய் என்பதை நிலைநாட்டினார். 1978-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் பணியை மீண்டும் தொடங்க அனுமதித்தார். 1902-இல் பிறந்த அந்த அம்மையார் 2007 வரை, 105 வயது வாழ்ந்து, 1990 மே 20-ஆம் நாள் அண்ணன் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டதைக் கண்ணாரக் கண்டார். தங்கை ஒருத்தியின் இந்த உழைப்பையும் உங்கள் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். புனிதர் வரலாற்றில் அவருக்கும் ஓர் இடம் உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

அருளாளர் பட்டம் அளித்தவர் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல். அவர் கிராக்கோவ் பேராயராக இருந்தபோதே, 1977-இல் அங்கு நடந்த ஒரு கண்காட்சியில், இயேசுவின் மலைப்பொழிவில் வரும் எட்டுப் பேறுகளுக்கும் உரிய மனிதர் என்று பியர் ஜார்ஜியோவை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியிருந்தார். அவரே மலையேறுவதிலும் பனிச்சறுக்கிலும் ஈடுபாடு கொண்டவர் என்பதால் அந்த உறவு இன்னும் ஆழமாக இருந்திருக்க வேண்டும். 2008-இல் சிட்னியில் நடந்த உலக இளையோர் நாளுக்காக, துரின் பேராலயத்தில் வைக்கப்பட்டிருக்கும் அவருடைய உடலே கடல் கடந்து கொண்டு செல்லப்பட்டது. புனிதர் பட்டத்துக்கு ஏற்கப்பட்ட புதுமை, அதாவது அற்புதம், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் மறைமாவட்டத்தில் குருமாணவர் ஒருவருக்குக் கூடைப்பந்து விளையாடும்போது குதிகால் தசைநார் கிழிந்து, 2017-இல் இவரிடம் நவநாள் செபம் செய்தபின் குணமானது. பட்டம் 2025 ஆகஸ்ட் 3-ஆம் நாள் இளையோர் யூபிலியின்போது வழங்கப்படுவதாக இருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் ஏப்ரல் 21-ஆம் நாள் இறைவனடி சேர்ந்த பின் நாட்கள் மாறி, கார்லோ அக்குத்திஸோடு சேர்த்து ஒரே நாளில் அறிவிக்கப்பட்டது.

வைகைக்கரை எழுதியது:

நன்றி ஐயா, நன்றி ஆசிரியை அம்மா. அவருடைய இறப்பைப் பற்றி யாராவது சற்று விரிவாகச் சொன்னால் அமர்வின் கடைசிப் பகுதியையும் எழுதிவிடுவேன்.

மேட்டுத்தெரு வாசகன் எழுதியது:

1925 ஜூன் மாதக் கடைசியில் அவருக்குத் தலைவலியும் காய்ச்சலும் தொடங்கின. அதே வீட்டில் பாட்டி மரணப் படுக்கையில் கிடந்ததால் எல்லோருடைய கவனமும் அங்கே இருந்தது. ஜூலை 1-ஆம் நாள் பாட்டி இறந்தார். அந்த இரவுகளில் எழுந்து நிற்கவே முடியாமல் விழுந்து விழுந்து எழுந்த இளைஞரின் நோயை யாரும் பொருட்படுத்தவில்லை, அவரும் முறையிடவில்லை. மருத்துவர்கள் வந்து பார்த்தபோது அது கடுமையான இளம்பிள்ளை வாதம்; அவர் தேடிப்போன நோயாளிகளிடமிருந்தே தொற்றியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்திலிருந்து மருந்து வரவழைக்க முயன்றார்கள், காலம் கடந்துவிட்டது.

ஜூலை 3-ஆம் நாள் வெள்ளிக்கிழமை. வழக்கமாக வின்சென்ட் சபையினர் ஏழைகளைச் சந்திக்கப் போகும் நாள். உடலின் பெரும்பகுதி செயலிழந்திருந்த நிலையில், தங்கையிடம் தம் மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்துப் பெட்டியையும் அடகுச் சீட்டையும் எடுத்து வரச் சொல்லி, கோணல் மாணலான எழுத்தில் சபைத் தோழருக்கு ஒரு குறிப்பு எழுதினார். ஊசி மருந்து இன்னாருக்குச் சேர வேண்டியது, அடகுச் சீட்டு இன்னாருடையது, அதைத் தம் கணக்கில் புதுப்பித்து விடும்படி கேட்டுக்கொண்டார். யாரோ ஓர் ஏழை அடகு வைத்த பொருள் மூழ்கிப்போய்விடக் கூடாது என்பதே அவர் கவலை. மறுநாள் மாலை இறந்தார்.

உங்கள் மாணவரின் கேள்விக்குப் பதிலாக அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டலாம். நகைக்கடை வாசலில் அடகுச் சீட்டோடு நின்ற வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் நம் பங்கில் அநேகர்; தவணை தேதி தவறினால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வைகைக்கரை எழுதியது:

அந்தக் குறிப்போடுதான் அமர்வை முடிக்கப் போகிறேன். ஐயா, இன்னொரு வேண்டுகோள்: எங்கள் பங்கின் வின்சென்ட் சபையில் இப்போது அறுபது வயதுக்குக் குறைந்தவர் ஒருவரும் இல்லை. அமர்வு முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை வீடு சந்திப்புக்கு இளையோரில் விருப்பமுள்ளவர்களை அவர்களோடு அனுப்பலாமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டிருக்கிறேன். முதல்முறை போகிறவர்களுக்கு நீங்கள் என்ன சொல்லி அனுப்புவீர்கள்?

பொதுநிலையினன் எழுதியது:

தாராளமாக அனுப்புங்கள், தம்பி. ஒரு வீட்டுக்கு இருவருக்கு மேல் வேண்டாம். ஒருவர் மூத்த உறுப்பினர், ஒருவர் இளையவர். கைபேசியில் படம் எடுக்கக் கூடாது, கொடுத்ததை எங்கும் பதிவிடக் கூடாது என்பதை முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். உட்காரச் சொன்னால் உட்கார வேண்டும், தேநீர் கொடுத்தால் குடிக்க வேண்டும். பொருளைக் கையில் கொடுத்துவிட்டு உடனே திரும்புவது எங்கள் சபையில் சந்திப்பாகக் கணக்கில் வராது. போன வீட்டுக்கே அடுத்த வாரமும் அதே பிள்ளை போகட்டும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் அந்த வீட்டார் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.